கேட் அக்கா மாதிரி பேசிக் காட்டிய நாள்

நாலாக மடித்த வெள்ளைச் சீட்டு. பிரித்தால் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் 'மெட்ராஸ் பாஷை' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சி ஒன்றையும் வரைந்துவைத்திருந்தார்கள். திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹால் அது. எங்கள் கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிற நாற்பது பேரையும் வட்டமாக உட்காரவைத்து, வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை ஆறேழு பேரிடம் நீட்டினார். சீட்டில் எந்த ஊர்ப் பேச்சு வருகிறதோ அதை ஒரு நிமிஷம் பேசிக் காட்ட வேண்டும். எந்த ஊர் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். இதற்குப் பெயர் ஐஸ்பிரேக்கராம், கூச்சம் போய் எல்லாரும் ஒட்டிக்கொள்வோமாம். ஆறு வருஷமாக ஒரே கேன்டீனில் ஒரே சாம்பாரைக் குடித்தவர்களுக்குள் என்ன கூச்சம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஏசி போட்டிருந்தார்கள், மதியம் பிரியாணி இருந்தது, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு நேர் எதிரில் கேட் அக்கா உட்கார்ந்திருந்தார். யார்டில் அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். காசிமேட்டுக்காரர். எண்ணூர் ரோட்டைப் பார்த்த எங்கள் கேட்டில் பதினோரு வருஷம் நின்றவர். உள்ளே வருகிற ஒவ்வொரு ட்ரெய்லரையும் நிறுத்தி, கன்டெய்னரில் எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே ஓட்டை, சீல் நம்பர் சரியா என்று பார்த்து எழுதி உள்ளே விடுவது அவர் வேலை. கழுத்தில் ஒரு விசில் தொங்கும். ஒரு நாளைக்கு நூறு வண்டியாவது வரும். நூறு வண்டியின் புகையும் அந்த ரோட்டின் புழுதியும் முதலில் அவர் மூஞ்சியில்தான் அடிக்கும். பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவர் எழுதிக் கொடுப்பதை ஏற்றுவது என் வேலை. எனக்கு ஜன்னல் இருந்தது. அவருக்கு ஒரு தகரக் கூரை இருந்தது.

அந்த வருஷம் அவருக்கு வீசிங் அதிகமாகிவிட்டது. சாயங்காலம் ஆனால் மூச்சு விசிலடிக்கும். தூசியை விட்டு வெளியே வந்துவிடுங்கள், இல்லையென்றால் மருந்து வேலை செய்யாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கம்பெனியின் பாரிமுனை ஆபீஸில் கஸ்டமர் டெஸ்க்கில் ஓர் இடம் காலியாக இருந்தது. கண்ணாடிக் கதவு, உட்கார்ந்து பார்க்கிற வேலை, போனில் பேச வேண்டும். அந்த இடம் வேண்டும் என்று அக்கா எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் யார்டு டெஸ்க் ஆள் லீவு போட்ட நாட்களில் எல்லாம் அக்காதான் உள்ளே வந்து கஸ்டமர் போனை எடுப்பார். "வணக்கம், சொல்லுங்க சார், உங்க கன்டெய்னர் நம்பர் சொல்றீங்களா" என்று அவர் பேசுவதைக் கேட்டால் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல இருக்கும். அதைப் பக்கத்திலிருந்து கேட்ட ஒரே ஆள் நான். பாரிமுனையிலிருந்து மேனேஜர் அன்றைக்குப் பயிற்சிக்கு வந்திருந்ததே அந்த இடத்துக்கு ஆட்களைப் பார்த்துவிட்டுப் போகத்தான். அது அக்காவுக்கும் தெரியும். அதனால்தான் காட்டன் புடவைக்கு இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

எனக்கு முன்னால் ஒரு பையன் கோயம்புத்தூர்ப் பேச்சைப் பேசினான். ஏனுங்க, வாங்க என்று இழுத்தான். எவ்வளவு மரியாதை என்று எல்லாரும் சொன்னார்கள். அடுத்து ஒரு பெண் திருநெல்வேலி பேசினாள், கேட்கவே இனிப்பாக இருக்கிறது என்றார் பயிற்சியாளர். பிறகு நான் எழுந்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, பக்கத்திலிருந்து என் சீட்டை எட்டிப் பார்த்த ஒருத்தன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கத்தி எடுக்கிற மாதிரி கையைக் காட்டினான். சினிமா அவனுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நான் ராயபுரத்தில் பிறந்தவன். என் ஆத்தா பேசினதும் என் அப்பா ஹார்பரில் பேசினதும் அந்தப் பேச்சுதான். ரவுடி மாதிரி செய்து காட்ட எனக்கு மனசில்லை. எரிச்சலாக இருந்தது. உண்மையில் இது எப்படி இருக்கும் என்று இவன்களுக்குக் காட்டுகிறேன் பார் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்தவர்களிலேயே அதை அழகாகப் பேசுகிற ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

நான் கேட் அக்காவைப் பேசினேன். பேப்பர் இல்லாமல் வந்த டிரைவரை அவர் மடக்குவதைப் பேசினேன். இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையில் இல்லாத விசில். "இன்னா நைனா, பேப்பர வூட்ல வெச்சிட்டியா? அப்ப வண்டியையும் வூட்லயே வெச்சிட்டு வர்றதுதான? நீ பாட்டுக்கு வந்துகினே கீற, இது இன்னா உன் மாமியா வூடா?" என்றேன். யார்டு ஆட்கள் பாதிப் பேர் முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கேட் அக்கா, கேட் அக்கா என்று கத்தினார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருத்தர் கலாய்த்தால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. திருப்பிக் கொடுக்க வேண்டும், வாங்கினதைவிட ஒரு பிடி கூடக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கோபித்துக்கொண்டாய் என்று அர்த்தம், இல்லை உறவு முறிந்தது என்று அர்த்தம். மற்ற ஊர்க்காரர்கள் அந்த இடத்தில் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அக்கா எழுந்து நின்றார். யோசிக்கவே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகினார்.

"டேய், என்ன மாதிரி பேசிக் காட்டறியா? மொதல்ல நீ உன்ன மாதிரி பேசுடா. போனு வந்தா யெஸ் சாரு, ஓகே சாருன்னு இழுத்துகினு கீற. நாப்பதடி வண்டி என் விசிலுக்கு ரிவர்ஸ் எடுக்குது. உன் பேச்சுக்கு டீக்கடைக்காரன் ஒரு டீ போடுவானா?"

அத்தோடு நிறுத்தவில்லை. இரண்டு நிமிஷம் போனது. என் சட்டை, என் டிபன் பாக்ஸ், மழையில் நான் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்த கதை, எல்லாம் வந்தன. ஹால் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நடுவில் ஒரு தடவை அக்காவுக்கு மூச்சு வாங்கியது, அதையும் சிரிப்பு என்று நினைத்துவிட்டார்கள். அன்றைய சிறந்த பங்கேற்பாளர் என்று அவருக்கு ஒரு தண்ணீர் பாட்டில் பரிசு கொடுத்தார்கள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நாங்கள் இரண்டு பேரும் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

பிரியாணி வரிசையில் மேனேஜர் என் பக்கத்தில் நின்றார். அவங்க எப்பவும் இப்படித்தான் பேசுவாங்களா என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எப்பவும் இப்படித்தான் சார், டிரைவருங்க எல்லாம் இவங்களுக்கு அடங்குவாங்க என்றேன். போனில் அவர் எப்படிப் பேசுவார் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். என் நாக்கு அந்தப் பக்கம் போகவில்லை. தட்டில் லெக் பீஸ் விழுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து பாரிமுனை இடத்துக்கு வேறு யாரோ வந்தார்கள். அக்காவைக் கூப்பிட்டு மேனேஜர் அன்பாகத்தான் பேசினாராம். உங்க திறமை கேட்லதான்மா, டிரைவர்களைச் சமாளிக்க உங்களை மாதிரி ஆள் கிடைக்குமா, கஸ்டமர் கிட்ட இந்த ஸ்டைல் சரிவராது என்றாராம். இதை அக்கா எனக்குச் சொன்னபோது வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சொல்லி முடித்துவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் மேல் அவருக்குக் கோபமே இல்லை. சீட்டு எடுத்தேன், பேசினேன், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். பிரியாணி வரிசை அவருக்குத் தெரியாது. மரியாதையான பாஷை, இனிப்பான பாஷை, சிரிப்பு வருகிற பாஷை என்று பிரித்துவைத்திருக்கிறவர்களை நான் நிறையத் திட்டியிருக்கிறேன். திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்றும் யோசித்திருக்கிறேன். இப்போது இரண்டும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட ஈறு மாதிரி இருக்கிறது. தொட்டால் அங்கே ஏதோ இருப்பது தெரிகிறது, வலி தெரியவில்லை.

அதற்கப்புறம் இன்னும் நாலு வருஷம் அவர் கேட்டில் நின்றார். பிறகு நிற்க முடியவில்லை, வேலையிலிருந்து நின்றுவிட்டார். போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். குடிசை மாற்று வாரிய வீடு, மூன்றாவது மாடி. அவர் கடைசியாகக் கீழே இறங்கி ஐந்து மாதம் ஆகிறது என்று மகள் சொன்னாள். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் இன்ஹேலர். பிரியாணி வரிசையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். படியேறும்போது வாக்கியத்தைக்கூடத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் மூஞ்சியைப் பார்த்ததும் வாயிலிருந்து வேறு வந்தது. "இன்னாக்கா, ராணியாட்டம் உக்காந்துகினு கீற? கேட்டாண்ட யாரு விசிலு அடிக்கிறது?"

கண்ணில் பதில் வந்துவிட்டது, நான் பார்த்தேன். வாயைத் திறந்தார். மூச்சு வரவில்லை. கையை ஆட்டினார், இரு என்கிற மாதிரி. மகள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மழை, பேத்தியின் ஸ்கூல், மீன் விலை என்று நானும் மகளுமே பேசிக்கொண்டிருந்தோம். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டு இறங்கினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்தபோது வாட்ஸ்அப்பில் மூன்று வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. ஒவ்வொன்றும் ஆறேழு விநாடி. காதில் வைத்துக் கேட்டேன்.

"ராணி வூட்டுக்கு வர்றவன்..."

"வெறுங்கைய வீசிகினா... வருவான்..."

"ஒரு பன்னு வாங்கினு வர... துப்பில்ல... மூஞ்சப் பாரு."

மூன்றாவது மெசேஜின் கடைசியில் இன்ஹேலரை அழுத்துகிற சத்தம் இருந்தது. அவர் கொடுத்துவிட்டார். முறைப்படி இனி நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். மைக் பட்டனைத் தினமும் ஒரு தடவை அழுத்திப் பிடிக்கிறேன். ஒன்றும் வரவில்லை, விட்டுவிடுகிறேன். ஒரு மாதமாகிறது, இன்னும் பதில் போடவில்லை.