நான்கு மணி நேரப் பூட்டு

இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு தாயைப் பற்றிப் புகார் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கொஞ்சம் பெருமையாகவும் நின்றேன். அந்தப் பெருமை எவ்வளவு நேரம் தாங்கியது என்று கேளுங்கள்.

மேனாம்பேட்டில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு ஒற்றை அறை வீடுகள். மருந்துக் கடைக்கு அது குறுக்கு வழி. அன்று காலை பதினொரு மணிக்கு அந்த வழியாகப் போனேன். கடைசி வீட்டில் வெளியே பூட்டு. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு சின்ன முகம்.

“தாத்தா... தம்பிக்கு உடம்பு சுடுது.”

ஆறு வயது இருக்கும் அவளுக்கு. உள்ளே பாயில் இரண்டரை வயதுப் பையன் சுருண்டு கிடந்தான்.

“அம்மா எங்கம்மா?”

“வேலைக்குப் பூட்ச்சு.”

“சாவி?”

“அம்மாகிட்ட கீது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெற்ற பிள்ளைகளை அடைத்துப் பூட்டிவிட்டுப் போகிறவள் என்ன தாய்? உடனே குழந்தைகள் உதவி எண்ணுக்கு போன் போட்டேன். குரலை உயர்த்தித்தான் பேசினேன். போலீஸ் வரும், பூட்டை உடைப்பார்கள், அந்தப் பெண்ணுக்கு நல்ல பாடம் கிடைக்கும் – நான் எதிர்பார்த்தது இதைத்தான்.

பதினைந்தே நிமிடத்தில் வந்தது ஒரு ஸ்கூட்டி. இறங்கியவர் அமுதா. இந்தப் பகுதியில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர். உதவி எண்ணிலிருந்து தகவல் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நாற்பது வயது, காட்டன் புடவை, தோளில் வீங்கிப்போன ஒரு பை.

“பூட்டை உடைச்சிடலாமா?” என்றேன் ஆவலாக.

“தேவைப்பட்டா உடைப்போம் சார். மொதல்ல பாப்பாகிட்ட பேசிக்கிறேன்.”

ஜன்னலுக்குப் போனார். “உன் பேரு இன்னா கண்ணு?”

“யாழினி.”

“யாழினி, தம்பி முழிச்சிகினு கீறானா? தண்ணி குடிச்சானா? ஒரு துணிய நனைச்சுப் புழி... ஆங், அப்படித்தான். நெத்தில வை. கைய, கால தொடச்சு வுடு. சூப்பர்! அம்மா போன் நம்பர் தெரியுமா?”

பத்து எண்களையும் தடுமாறாமல் ஒப்பித்தாள் யாழினி. எனக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லையே!

அமுதா என் பக்கம் திரும்பினார். “ஆறு வயசுப் புள்ளைக்கு நம்பர மனப்பாடம் பண்ண வச்சிட்டுப் போயிருக்கு சார். இது புள்ளைங்கள கண்டுக்காத அம்மா இல்ல.”

மூன்றாவது முயற்சியில் போனை எடுத்த அம்மா, ஷேர் ஆட்டோவில் பறந்து வந்தார். மகேஸ்வரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. கழுத்தில் அடையாள அட்டை, கையில் இன்னும் கழற்றாத உறை. அந்த உறையோடேயே சாவியை நுழைத்துப் பூட்டைத் திறந்தார்.

“ஏம்மா, குழந்தைங்களை இப்படித்தான்...” என்று நான் ஆரம்பித்தேன்.

“சார், செத்த இருங்க” என்றார் அமுதா. மரியாதையாகத்தான். நான் ஒதுங்கி நின்றேன்.

“அக்கா, புள்ளைங்கள இட்டுகினு பூடுவீங்களா?” – மகேஸ்வரியின் முதல் கேள்வி இது.

“இல்லம்மா. நீ காலைல சாப்டியா?” – அமுதாவின் முதல் கேள்வி இது.

அவ்வளவுதான், மகேஸ்வரி உடைந்து அழுதுவிட்டார்.

பையனை ஸ்கூட்டியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சாதாரணக் காய்ச்சல். பயமில்லை. நான் யாழினிக்குத் துணையாக வாசலில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்த பிறகுதான் கதை வெளியே வந்தது.

கணவர் வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதமாகிறது. பட்டாபிராமில் இருந்தவரை பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொண்டார். வேலைக்குக் கிட்டத்தில் என்று இங்கே மாறி வந்ததும் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. “ஆதார்ல பட்டாபிராம் அட்ரஸ் கீது. இங்க அங்கன்வாடில சேக்க மாட்டாங்கன்னு சொன்னாங்கக்கா.” யாரோ சொன்னது, இவர் நம்பிவிட்டார். தம்பியைப் பார்க்க ஆள் வேண்டுமே... யாழினியின் பள்ளிக்கூடம் நின்றுபோனது.

அமுதா கையிலிருந்த நோட்டில் ஒரு கோடு இழுத்தார். “நீ ஏழு மணிக்குக் கெளம்புற, ஆறு மணிக்கு வர்ற. ஸ்கூலு, அங்கன்வாடி ரெண்டும் ஒம்பதுலேர்ந்து நாலு. காலைல ரெண்டு மணி நேரம், சாயந்தரம் ரெண்டு மணி நேரம். இந்த நாலு மணி நேரத்துக்கு ஆள் இல்லாமத்தான் நாள் பூரா பூட்டு. சரியா?”

மகேஸ்வரி தலையாட்டினார். நான் பூட்டைப் பார்த்தேன். அமுதா நேரத்தைப் பார்த்திருக்கிறார்!

பையனை அங்கன்வாடியில் மறுநாளே சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கு அமுதாவே போய்ப் பேசினார். யாழினி மறுபடி இரண்டாம் வகுப்பில். எதிர்வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் செல்வி, “ரெண்டு பேர்தான? இங்கயே வெளாடிகினு இருக்கட்டும், நானே கொண்டுபோய் வுடுறேன்” என்று காலை நேரத்தை ஏற்றுக்கொண்டார்.

சாயங்காலம்?

எங்கள் வீட்டு வாசலில் நின்று அமுதா என்னை நிமிர்ந்து பார்த்தார். “சார், சாயந்தரம் உங்க ஊட்ல யாரு இருப்பாங்க?”

யார் இருப்பார்கள்... நானும் என் மனைவியும் டி.வி.யும். புகார் கொடுத்தவனையே பிடித்து வேலைக்குச் சேர்த்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். மனைவி ஏற்கெனவே சரியென்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் இரண்டு வாரம் தினமும் வந்தார் அமுதா. பிறகு வாரம் ஒருமுறை. மகேஸ்வரிக்கு ஆதாரில் முகவரி மாறியது. பையன் எடை கூடியிருக்கிறான். யாழினி எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து எனக்கு டிக்டேஷன் கொடுக்கிறாள். தப்பு விட்டால் சிவப்பு மை. மகேஸ்வரி என்னிடம் இரண்டு வாரம் முகம் கொடுத்தே பேசவில்லை. நியாயம்தானே? மூன்றாவது வாரம், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர், “வரேன் சார்” என்றார். பெரிய விருது வாங்கினது போல் இருந்தது எனக்கு.

போன வாரம் அமுதாவிடம் கேட்டேன். “எல்லாம்தான் சரியாயிடுச்சே. இந்தக் கேஸை எப்பம்மா முடிப்பீங்க?”

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: “கேஸா? கேஸ் ஆவாம இருக்கத்தான சார் வந்துகினு கீறேன்!”

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் நான். நல்ல வரியை மட்டும் யாராவது ஸ்கூட்டியில் வந்து சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.