அருமைநாயகம் மாஸ்டர் மெல்லச் சொன்ன வரி

ஞாயிறு பூசை முடிந்து வந்து கோட்டைக் கழற்றுமுன் தொலைபேசி அடித்தது. அருமைநாயகம் மாஸ்டரின் மகள். "அன்ரி, அப்பா எங்களை விட்டுட்டுப் போட்டார்" என்றாள். அழுது ஓய்ந்த குரல். பிறகு, "அடக்கத்திலை பரமண்டல ஜெபத்தை நீங்கள்தான் சொல்லவேணுமாம். எங்க நிப்பாட்டுறது எண்டதையும் உங்களிட்டையே விடச் சொன்னவர்."

இரு சபையாரும் சேர்ந்து நடத்தும் எங்கள் லண்டன் எட்மண்டன் செபக்கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இயேசு படிப்பித்த அந்தச் செபத்தில், கத்தோலிக்கரான நாங்கள் ஆமென் சொல்லி முடிக்கிற இடத்தில், புரட்டஸ்தாந்துக்காரர் கடவுளின் ஆட்சியைப் போற்றி இன்னொரு வரி சொல்வார்கள். ஒல்லாந்தர், அதாவது புரட்டஸ்தாந்து டச்சுக்காரர், யாழ்ப்பாணத்தை ஆண்டபோது எங்கள் குருமாரைத் துரத்தி, கோயில்களைப் பிடித்து, தங்கள் போதகர்களை வைத்தார்கள். அங்கே போகாவிட்டால் கலியாணம் பதிய முடியாது. என் முன்னோர் போனார்கள். அந்த வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள் என்பது எங்கள் வீட்டுக் கதை. நானும் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

மாஸ்டர் மிசன் பள்ளியில் சரித்திரம் படிப்பித்தவர். முதற்கூட்டத்தில் அவர் அந்த வரியைத் தொடர, நான் திரும்பிப் பார்த்தேன். தேநீர் வேளையில், நான் கொன்வென்றில் படித்தவள் என்று அறிந்து, அருகில் வந்தார். "கொன்வென்ற் அக்கா, முறைக்காதேங்கோ. எங்கட ஆக்களுக்கு நிப்பாட்டத் தெரியாது." அன்றிலிருந்து அதைத் தமக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

லூயிஷாமில் ஒருமுறை தம் சபையாரின் கூட்டத்தில் ஒல்லாந்தப் போதகர்களைப் பற்றிப் பேசினார். அவர்கள் ஊர்தோறும் பள்ளிக்கூடம் வைத்ததைப் புகழ்ந்தார். நான் எழுந்தேன். "ஓம் மாஸ்டர், வைச்சவை. ஆரின்ரை கோயிலிலை?"

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அக்கா கேட்டது சரி. ஊர் ஊராய் ஞானஸ்நானம் குடுத்தவை. விருப்பமோ எண்டு ஒருத்தரையும் கேக்கேல்லை. அதாலைதான் அவை போக, அந்தச் சபையும் இல்லாமல் போட்டுது."

தம் சபையார் நிறைந்த மண்டபத்தில் அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

அடக்கத்தன்று குழியருகே நின்று செபத்தைத் தொடங்கினேன். அந்த இடம் வந்தது. சுற்றி நின்ற அவருடைய ஆட்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் முன்னோரிடம் ஒல்லாந்தர் அதைக் கட்டளையாகக் கேட்டார்கள். மாஸ்டர் கேட்கவே இல்லை. சொன்னேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

வீட்டில் இன்றும் என் முன்னோர் நிறுத்திய இடத்திலேயே நிறுத்துகிறேன். ஆனால் ஆமென் சொன்னதும் எழுவதில்லை. அவர் அந்த வரியை மெல்லச் சொல்லி முடிக்கும்வரை முழங்காலில் இருக்கிறேன்.