அனுப்பிரியாவின் ‘வாண்ட்’ பாடம்

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர். இலக்கணம் நான் எடுப்பேன், பேச்சுப் பயிற்சி அனுப்பிரியா எடுப்பாள். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். கிள்ளையில் அவள் தெருவுக்கே முதல் எம்.ஏ. அவள். அந்தக் கர்வம் இரண்டு பேருக்கும் உண்டு, அதை மறைத்துக்கொண்டதும் இல்லை. இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அவள் பாடம் எனக்கும் பாடம்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல்லை எடுத்து நடத்துவாள். அதில் ‘வாண்ட்’ நாள் பேர்போனது.

“இந்த வார்த்தை தெரியாத ஆளு நம்மூர்ல உண்டா? துணிக்கடைக் கதவுல ‘வாண்டட் சேல்ஸ் கேர்ள்’. ஸ்டேஷன் சுவத்துல திருடன் போட்டோவுக்கு மேல ‘வாண்டட்’. எவனாவது வம்பிழுத்தா ‘வாண்டடா வர்றான்’. ஆனா ஐ வாண்ட்னு ஆரம்பிச்சு முடிங்கன்னா மட்டும் ஒருத்தருக்கும் வாய் வராது. அந்தக் காலத்துல இதுக்கு இல்லாமைன்னுதான் அர்த்தம். என்ன இல்லன்னு தெரிஞ்சாத்தான் என்ன வேணும்னு தெரியும். எழுந்திரு, நீ சொல்லு.”

“மை ஃபாதர் வாண்ட் மீ போலீஸ், மிஸ்.”

“உங்கப்பா உக்காரட்டும். நீ சொல்லு.”

“எனிதிங், மிஸ்.”

“எனிதிங்னு ஒரு சாமான் எந்தக் கடையிலயும் விக்கல. நில்லு.”

சொல்லும்வரை நிற்கத்தான் வேண்டும். காலேஜ் பையனானாலும் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவளானாலும் அவள் வகுப்பில் ‘எனிதிங்’ சொன்னவர்கள் உட்கார்ந்ததில்லை.

கடைசி பெஞ்சில் ஒரு மாணவர் மட்டும் வயதில் பெரியவர், கலியமூர்த்தி. அனுவின் தாய்மாமன். பிச்சாவரத்தில் படகு தள்ளுகிறவர். வெள்ளைக்காரர்கள் ஏறினால் நாலு வார்த்தை பேச வேண்டுமே என்று சேர்ந்தார். கிள்ளையிலிருந்து அனுவை வண்டியில் கூட்டிவந்து, வகுப்பு முடிந்ததும் கூட்டிப்போவதும் அவர்தான். வகுப்புக்குள் அவரும் அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்.

2004 டிசம்பரில் வந்த அலை அனுவின் அப்பாவைக் கொண்டுபோனது. அப்போது கலியமூர்த்திக்குப் புதுச்சத்திரத்தில் பெண் பேசி முடித்திருந்தார்கள். “அக்கா தனியா நிக்குது, இப்ப எனக்கென்ன கல்யாணம்” என்று அதை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். அனு படிப்பை நிறுத்துகிறேன் என்றபோது சத்தம் போட்டுக் காலேஜில் சேர்த்ததும் அவர்தான். வருஷங்கள் போயின. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் ஒரு கணக்குப் போட்டது: “கலியமூர்த்தி யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கான்? அக்கா பொண்ணுக்குத்தான்.” இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

2010 தொடக்கத்தில் சென்னையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் அனுவுக்கு வேலை கிடைத்தது. ஜூனில் சேர வேண்டும். ஸ்வீட் பாக்கெட்டோடு மாடிப்படி ஏறி வந்தவள், அடுத்த வாரமே முகம் தொங்கி நின்றாள். அம்மா தைலம்மாள் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டார். மாப்பிள்ளை மாமா. கல்யாணம் ஆவணியில். நிச்சயமான பெண்ணை வெளியூர் வேலைக்கு அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை.

“முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றேன்.

“யாருகிட்ட சார் சொல்றது? அம்மா கெட்டவங்களா இருந்தா சண்டை போடலாம். மாமா குடிகாரரா இருந்தா ஓடிப்போலாம். ரெண்டு பேரும் நல்லவங்க சார். கதவே இல்லாத வீடு மாதிரி இருக்கு.”

அந்த வாரம்தான் ‘வாண்ட்’ பாடம் வந்தது. சுற்றி வந்து மாமாவின் முறை. எழுந்து நின்றார்.

“எனிதிங், மிஸ்.”

“மாப்ளைக்கு என்னா வேணும்னு எங்களுக்குத் தெரியும்!” என்றான் ஒருவன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அனு சிரிக்கவில்லை. “நில்லுங்க” என்றாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவர் நின்றுகொண்டிருந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன்.

“ஐ வாண்ட்... அனு கோ சென்னை,” என்றார் கலியமூர்த்தி. “பிக் ஸ்கூல். டீச்சர்.”

அனு சாக்பீஸை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“மாமா, நெசமாவா?”

“தமிழ்ல கேக்காத அனு, ஒங்கம்மா மொகம் ஞாபகம் வருது. என் மடியில உக்கார வெச்சுக் காது குத்துன புள்ள நீ. ஒன்னப் போயி நான் எப்படி... ஆனா அக்கா ஆசப்படுது. அது வேற என்னா கேட்டுது என்கிட்ட?”

“அப்போ சபையில சொல்லுங்க மாமா.”

அவர்கள் ஊரில் நிச்சயத்தட்டு மாற்றுமுன் ஊர்ப் பெரியவர் எழுந்து தாய்மாமனிடம் சம்மதம் கேட்பார். மாமன் வேண்டாமென்றால் தட்டு மாறாது. பெண்ணிடம் கேட்கும் வழக்கம் இல்லை. “சொல்லிடறேன்” என்று அவர் சத்தியம் செய்ததைக் கேட்டுவிட்டுத்தான் நான் படியிறங்கினேன்.

நிச்சயத்தன்று எனக்குக் கடலூரில் அரசுப் பரீட்சை. நடந்ததை அனுவே பிறகு சொன்னாள்.

கூடம் நிறைய ஜனம். அப்பா போன பிறகு முதல் தடவையாக அம்மா புதுப்புடவை கட்டிச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பெரியவர் சுப்பிரமணியன் எழுந்தார்.

“என்னா கலியமூர்த்தி, மாமனும் நீதான், மாப்ளயும் நீதான். ஒனக்குச் சம்மதமாப்பா?”

கலியமூர்த்தி அக்காவின் முகத்தைப் பார்த்தார். வாய் திறந்தது. “அக்கா இஷ்டம்” என்று வந்தது.

“ஏம்மா தைலம்மா, நீ என்னா சொல்ற?”

“எனக்குன்னு என்னா இருக்கு? தம்பி இஷ்டம்தான் என் இஷ்டம்.”

“அட, ரெண்டு பேருக்கும் ஒரே இஷ்டமா போச்சு! தட்ட எடுங்கய்யா!”

எங்கள் பக்கத்தில் இது மரியாதை. ‘உங்க இஷ்டம்’ என்று அடுத்தவர் மடியில் போட்டுவிட வேண்டும். அவர் இன்னொருவர் மடியில் போடுவார். கடைசியில் அது யார் மடியிலும் இல்லாமல் தட்டில் போய் விழுந்துவிடும்.

தமிழில் ஒரு ‘வேணாம்’ போதும். அது தன் தொண்டை வரைக்கும் வந்தது என்றாள் அனு. அம்மாவின் சிரிப்பைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது. வேறு வழி தோன்றாமல் வகுப்புக் குரலில் கேட்டாள்:

“வாட் டூ யூ வாண்ட்?”

கேட்ட மாத்திரத்தில் கலியமூர்த்தி வகுப்பில் எழுவதுபோல விறைப்பாக எழுந்து நின்றார்.

“ஐ வாண்ட் அனு கோ சென்னை, மிஸ்!”

கூடம் ஒரு நொடி திகைத்தது. சுப்பிரமணியன் தொடையில் ஓங்கித் தட்டினார். “அப்படிப் போடு! பொண்ணு இங்கிலீஷ்ல கேக்குது, மாப்ள இங்கிலீஷ்லயே பதில் சொல்றான். கல்யாணம் ஆனதும் சென்னைக்குக் கூட்டிட்டுப் போறானாம்டா!” விசில் பறந்தது. யாரோ கலியமூர்த்தியின் வாயில் சர்க்கரையைத் திணித்தார்கள். அவர் ஏதோ சொல்ல வந்து புரையேறி இருமினார். அதற்குள் தட்டு மாறிவிட்டது.

“ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கு. அக்காகிட்ட தனியா பேசிடறேன்” என்று வண்டியில் வரும்போதெல்லாம் சொன்னாராம். ஒருநாள் அக்காவுக்குத் தலைவலி. ஒருநாள் அக்கா கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. ஜூன் வந்தது, போனது. சென்னைப் பள்ளிக்கு வேறு யாரோ போனார்கள். ஆவணியில் நானும் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து அனு சொன்னாள்: “அம்மா நேத்து பேச்சுவாக்கில கேட்டாங்க சார், ‘நீ அந்த சென்னை வேலைக்குப் போயிருந்தா நல்லா இருந்திருக்கும் இல்ல?’ன்னு. ‘அப்புறம் ஏம்மா?’ன்னேன். ‘தம்பி நமக்காகத் தன் கல்யாணத்தையே விட்டுட்டான். அவன் மனசுல நீதான் இருக்கேன்னு ஊரே சொல்லுது. நான் எப்படிடி வேணாங்கறது?’ங்கிறாங்க.”

சொல்லிவிட்டுச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு என் இலக்கண வகுப்பில் நான் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

கலியமூர்த்தி கல்யாணத்துக்குப் பிறகு வகுப்புக்கு ஏறி வருவதில்லை. கீழே ஜெராக்ஸ் கடை வாசலில் வண்டியில் உட்கார்ந்திருப்பார். நல்ல மனிதர். அனுவுக்காக ஒரு ஹெல்மெட் கையில் வைத்திருப்பார்.

அடுத்த வருஷமும் ‘வாண்ட்’ நாள் வந்தது. துணிக்கடைக் கதவு, ஸ்டேஷன் சுவர் எல்லாம் அதே வரிசையில் வந்தன. நான் என் வகுப்பை எழுதச் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வரும் ஒரு பெண்ணின் முறை. பிளஸ் டூ முடித்தவள்.

“எனிதிங், மிஸ்.”

‘நில்லு’ வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நானும்தான்.

“உக்காரும்மா” என்றாள் அனுப்பிரியா.