ஒழுக வேண்டிய குழாய்

எங்கள் தெருவில் எந்தக் குழாய் மக்கர் பண்ணினாலும் வாஷர் அண்ணனைத்தான் கூப்பிடுவோம். பிளம்பர் வேலையில் அவருக்கு அப்படியொரு வெறி. விருந்துக்குப் போன வீட்டிலும் சொட்டுச் சத்தம் கேட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் இறுக்கிவிட்டுத்தான் வருவார். தன் வீட்டுச் சொட்டு மட்டும் அவர் காதில் விழுந்ததே இல்லை.

அவருடைய மைத்துனர் ஒருமுறை சதுப்பு நிலத்திலிருந்து ஒரு பெரணிச் செடியைச் சேற்றோடு கொண்டுவந்து தன் அக்காவிடம், அதாவது எங்கள் அண்ணியிடம், கொடுத்தார். சிவப்பாகச் சுருண்டிருக்கும் இளந்துளிரைப் பூண்டு தட்டிப்போட்டு வதக்கினால் எந்தக் கீரையும் கிட்டே வராது என்று ஆசைகாட்டிவிட்டும் போனார். அண்ணி அதை மொட்டைமாடியில், நல்ல வெயிலில், புதுத் தொட்டியில் வைத்துத் தாங்கு தாங்கென்று தாங்கினார். கருகிவிட்டது. வெறுத்துப்போய்க் குளியலறைக்குப் பின்னால் வீசினார். அங்கே சுவரோர நிழல். குழாய் மூட்டிலிருந்து சொட்டிய நீரில் மண் எந்நேரமும் சொதசொதவென்றிருக்கும். செடி பிடித்துக்கொண்டு இடுப்புயரம் வளர்ந்தது.

ஒருநாள் வேலைக்குக் கூப்பிட வந்த டாக்டரம்மா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, "என்னங்க, உங்க வீட்லயே ஒழுகுது!" என்று சிரித்துவிட்டார். அண்ணனுக்கு மானம் போயிற்று. ஸ்பேனரை எடுத்தார்.

"அதுல கைய வெச்சீங்க, அப்புறம் சோறு கிடையாது," என்றார் அண்ணி.

அண்ணி தையற்கடைக்குப் போன நேரம் பார்த்து அண்ணன் ரகசியமாக மூட்டை இறுக்கிவிட்டார். சொட்டு நின்றது. அந்த வாரத்திலேயே துளிரும் நின்றது. அண்ணி காய்ந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"வெயில் ஜாஸ்தி, இல்ல?" என்றார் அண்ணன்.

"சுவத்துக்குப் பின்னாடி ஏதுங்க வெயிலு?"

அண்ணன் ஓடிப்போய் வாளியை எடுத்தார். வாளி வாளியாக ஊற்றினார். சேறு அடித்துக்கொண்டு போய் வேர் வெளியே தெரிந்தது. மூட்டைத் தளர்த்தினார், முகத்தில் பீய்ச்சியடித்தது. லேசாக இறுக்கினார், அடியோடு நின்றுவிட்டது. நிறுத்தியே பழகிய கைக்கு அளவாக ஒழுகவிடத் தெரியவில்லை. சேற்றில் மல்லாந்து படுத்து, வாஷரைக் கத்தியால் செதுக்கிச் செதுக்கிப் போட்டுப் பார்த்தார். கடைசியில் நிதானமாக ஒரு சொட்டு, அப்புறம் இன்னொன்று. அண்ணி காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ம், இது சரி," என்றார். எந்த வீட்டிலும் அண்ணன் இவ்வளவு பாடுபட்டு நல்ல பெயர் வாங்கியதில்லை.

துளிர் மறுபடி சுருண்டு வந்தது. முதல் வதக்கலை அண்ணன் சட்டியோடு இழுத்து வைத்துக்கொண்டார்.

"சமையக்கட்டுக்குப் பின்னாடியும் நல்ல நிழலுங்க," என்றார் அண்ணி. "அங்க ஒரு குழாய் ஒழுகாம வீணா கெடக்குது."

வாய் நிறையத் துளிர் இருந்ததால் அண்ணனால் மறுத்துப் பேச முடியவில்லை.