பிரிக்காத ரிக்கார்டுக்குக் காவல் இருந்தவர்

பேசாமல் இருந்தது போதும். மைக்செட் தணிகாசலம் இறந்ததிலிருந்து ரிக்கார்டு சேகரிப்பாளர்களின் இந்த ஃபேஸ்புக் பக்கத்தில் ஆளாளுக்கு எழுதித் தள்ளுகிறீர்கள். கைகூப்பும் படம், எரியும் விளக்குப் படம், ‘இசைத்தட்டுகளின் காவல் தெய்வம்’ என்று ஒருவர், ‘ஒரு கீறல் விழாமல் வாழ்ந்த மகான்’ என்று இன்னொருவர். உங்களில் பாதிப்பேர் அவர் வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. நான் மிதித்தவன். அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டவன். பிறகு அவரால் எல்லோர் முன்னிலும் அவமானப்படுத்தப்பட்டு வெளியேற்றப்பட்டவன். அவரைப் பற்றி எழுத எனக்கும் உரிமை உண்டு.

செய்தி எனக்கு ஃபிளெக்ஸ் பேனரில்தான் வந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஷேர் ஆட்டோவில் ஆள் சேரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். எதிரில் ‘கண்ணீர் அஞ்சலி’. நடுவில் தணிகாசலம், காதுக்குப் பக்கத்தில் கணினியில் ஒட்டிய ஒரு கிராமபோன் குழல். வாழ்நாளில் அவர் அந்தக் குழலைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆட்டோக்காரர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “மைக்செட்டுக்காரரு பூட்டாரு சார். நெஞ்சு வலின்னாங்க. உங்களுக்குத் தெரியாதா, நீங்க அவரோட சுத்திக்கினு இருந்த ஆளாச்சே?” என்றார். தெரியாது என்றேன். உங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிய பிறகு யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்பது எனக்குத் தெருவில்தான் தெரிகிறது.

தணிகாசலத்தை நான் முதலில் பார்த்தது என் அக்காவின் கல்யாணத்தில். திருக்கோவிலூர் பக்கம் ஒரு கிராமம். கேசட் வந்து ஊரெல்லாம் பரவிவிட்ட காலம். அவர் மட்டும் இரும்புப் பெட்டியில் ரிக்கார்டுகளைச் சுமந்துகொண்டு வந்தார். முள் குதிக்காமலிருக்க அதன் தலையில் ஒரு நாலணாக் காசை வைத்திருந்தார். ஒரே பாட்டை மாப்பிள்ளை வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்க, அவரும் சலிக்காமல் போட்டார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மேதாவி நான், தட்டு தேய்ந்து போகாதா என்று கேட்டேன். பந்தல் காலில் சாய்ந்தபடி சொன்னார்: “தேயறதுக்குத்தான் தம்பி ரிக்கார்டு. செருப்பு தேயலன்னா நீ எங்கியும் போவலன்னு அர்த்தம்.”

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பிற்காலத்தில் நான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து ஊரோடு தங்கியபோது அவரைத் தேடிப் போனேன். அதற்குள் மைக்செட் தொழில் போய்விட்டது. மகன் டைல்ஸ் கடை வைத்துவிட்டான். ஆனால் மாடியறையில் ரிக்கார்டுகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இன்னும் சிலரும் போவோம். தேய்ந்து வெளுத்த தட்டுகளை அவர் போடுவார். மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம், அதற்குள்ளிருந்து பாட்டு வரும். அவர் மனைவி விஜயா அண்ணி கேழ்வரகு அடை கொண்டுவந்து வைப்பார். அந்த ஞாயிறுகளைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

கெட்டது எங்கே என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். சென்னையிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்தார். இந்தப் பக்கத்தில் அவர் பெரிய மனிதர், இதையும் படிப்பார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு மாடியேறினார். தணிகாசலம் ஆயுள் முழுவதும் ஓட்டிய ரிக்கார்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, செத்த எலியைப் போடுவது போலத் தள்ளி வைத்தார். “எல்லாம் குப்பைங்க” என்றார். பிறகு மூலையில் ஒரு அட்டைப்பெட்டி அவர் கண்ணில் பட்டது. திருக்கோவிலூரில் மூடிய ஒரு கடையிலிருந்து தணிகாசலம் மொத்தமாக அள்ளி வந்த பெட்டி. கம்பெனி பாலித்தீன் உறை பிரிக்காத எல்.பி.கள். கையுறைக்காரரின் குரலே மாறிவிட்டது. “ஐயா, இதையெல்லாம் பிரிச்சிடாதீங்க ஐயா. இது பொக்கிஷம்.”

ஐயா. இதைக் கவனியுங்கள். கல்யாண வீடுகளில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, ஒயர் சுருட்டிய கையோடு கடைசிப் பந்தியில் உட்கார்ந்த மனிதர் தணிகாசலம். “டேய் மைக்செட்டு, சவுண்டைக் கம்மி பண்ணுடா” என்பதைத் தவிர வேறு மரியாதை பார்க்காதவர். பாட்டுப் போட்ட காலமெல்லாம் கிடைக்காத ‘ஐயா’ பாட்டுப் போடாமல் இருந்ததற்குக் கிடைத்தது. அவர் மயங்கியது எனக்குப் புரிகிறது. புரிவதால் மன்னிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

அடுத்த மாதமே கண்ணாடி பீரோ வந்தது. பிரிக்காதவை அதற்குள் நின்றன. தேய்ந்தவை மாடிப்படிக்குக் கீழே, பழைய பெயின்ட் டப்பாக்களோடு போயின. ஆயுத பூஜைக்குப் போனால், மைக்செட் தொழிலின் பழக்கம் விடாமல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருப்பார். ஆம்ப்ளிஃபயருக்குப் பொட்டு, குழாய் ஸ்பீக்கருக்குப் பொட்டு, வருடம் முழுவதும் ஒரு வேலையும் செய்யாத பாலித்தீன் உறைகளுக்கும் பொட்டு. வேலை செய்கிற கருவிக்குத்தானே ஆயுத பூஜை என்று கேட்டேன். “வாத்தியாரே, பிரிச்சா பொணம். பிரிக்காத வரைக்கும்தான் அதுக்கு உசுரு” என்றார். நீங்கள் இன்று மேற்கோள் காட்டிக் கண்ணீர் விடும் வாக்கியம் இதுதான். இதைவிட மட்டமான ஒன்றை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி வெள்ளையம்மாவைப் பற்றி. கல்லூரி முகாமுக்கு மாணவர்களை அழைத்துக்கொண்டு வெள்ளிமலை போயிருந்தபோது, பஸ் நிற்கும் இடத்தில் சாமையும் தேனும் விற்றுக்கொண்டிருந்தவர். பேச்சுவாக்கில் தன் அப்பா ஆண்டி பெரிய பாட்டுக்காரர் என்றும், எப்போதோ பட்டணத்துக் கம்பெனி ஒன்று மலைக்கு வந்து அவரைப் பாட வைத்து ரிக்கார்டு போட்டது என்றும், தான் வயிற்றிலிருக்கும்போதே அவர் காய்ச்சலில் போய்விட்டார் என்றும் சொன்னார். தணிகாசலத்தின் பீரோவில், கையில் பறையோடு ஒரு மனிதர் நிற்கும் அட்டையை நான் பார்த்திருக்கிறேன். ‘வெள்ளிமலை ஆண்டி குழுவினர்’. அந்தக் கம்பெனி இன்று இல்லை. வேறு பிரதி எவரிடமும் இல்லை. இந்தப் பக்கத்திலேயே கேட்டுப் பார்த்தாயிற்று.

வெள்ளையம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். தணிகாசலம் பீரோவைத் திறந்து, அந்த எல்.பி.யை இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினார். வெள்ளையம்மா அப்பாவின் முகத்தைத் தொடப் போனார்.

“மேல கை வெக்காதம்மா. ரேகை உழுந்துடும்.”

“இவருதான் எங்க அப்பனா? எங்க பெரியவன் சாடை அப்படியே இருக்குது. பாடச் சொல்லு சாமி, கேக்கறேன்.”

“அது பாடாதும்மா. சீலு. பிரிக்கக் கூடாது.”

“பாடாத ரிக்கார்டு இன்னாத்துக்கு?”

“பின்னாடி வர்றவங்களுக்கு. வெதை மாதிரி வெச்சிக்கினு இருக்கறேன்.”

வெள்ளையம்மா சிரித்தேவிட்டார். “நாங்களும்தான் வெதை எடுத்து வெக்கறோம். மழை பேஞ்சா வெதைச்சிடுவோம். நீ இன்னா மழைக்கு வெச்சிக்கினு இருக்கற?”

தணிகாசலம் ரிக்கார்டை உள்ளே வைத்தார். பீரோவைப் பூட்டினார். கீழே இறங்கும்போது வெள்ளையம்மா என்னிடம், “ஒரு காது போயிடுச்சு சார். இன்னொண்ணும் போய்க்கினு இருக்குதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அதான் அவசரப்பட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். மன்னிப்புக் கேட்டது அவர். கேட்க வேண்டியவர் மாடியில் பொட்டு அழியாமல் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த மாத ரிக்கார்டு சேகரிப்பாளர் கூட்டத்தில் நான் இதை எழுப்பினேன். உங்களில் பலர் இருந்தீர்கள். ஓரத்தில் பிளேடு வைத்துத் திறந்து, ஒரே ஒரு முறை ஓட்டி, செல்போனில் பதிவு செய்துகொண்டு மூடிவிடலாம் என்றேன். “ஒரு பொம்பளை ஆசைப்படறான்னு பிரிக்காத ஒரு மின்ட் காப்பியைக் கெடுக்கச் சொல்றீங்களா சார்?” என்று ஒருவர் கேட்டார். சிரிப்பு. தணிகாசலமும் சிரித்தார். “வாத்தியாருக்குச் சரித்திரம்தான் தெரியும், சரக்கு தெரியாது” என்றார். மறுபடியும் சிரிப்பு. அப்போதுதான் சொன்னேன், நீங்கள் யாரும் சேகரிப்பாளர்கள் அல்ல, குடோன் வாட்ச்மேன்கள் என்று. அன்று மாலைக்குள் குழுவிலிருந்து நீக்கப்பட்டேன். நீக்கியவர் தணிகாசலம்தான். அதன் பிறகு அவர் செத்துப்போகும் வரை எங்களுக்குள் பேச்சில்லை.

எதிர்காலத்துக்காகக் காப்பாற்றுகிறோம் என்று நீங்கள் சொல்வதையும் நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். நம் ஊர் வெயிலில் பாலித்தீன் சுருங்கும். சுருங்கினால் தட்டை வளைக்கும். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். திறந்து பார்க்காமல் எது பிழைத்திருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. நீங்கள் எதிர்காலத்துக்குக் கொடுக்கப்போவது வளைந்த கறுப்புத் தட்டும் கசங்காத அட்டையும். இதற்குக் கையுறை வேறு.

காரியத்தன்று போனேன். சாவுக்குப் போகாதவன் காரியத்துக்காவது போக வேண்டும் என்றுதான். மாலை போட்ட படத்துக்கு முன்னால், பக்கத்தில் சீரியல் லைட் மினுக்க, ஆண்டியின் எல்.பி.யைச் சார்த்தி வைத்திருந்தார்கள். கையுறைக்காரர் அதைச் சீலோடு கேட்டிருக்கிறாராம், அடுத்த வாரம் வந்து எடுத்துப்போகிறாராம். மகன் குமரன் பெருமையாகச் சொன்னான். கும்பிடக் குனிந்தவன் அந்த உறையின் அடி ஓரத்தைப் பார்த்தேன்.

கம்பெனி இயந்திரம் ஒட்டினால் ஓரம் தட்டையாக, நூல் பிடித்தாற்போல் இருக்கும். இது உருண்டு, மணிமணியாக, கொஞ்சம் நெளிந்து, லேசாகக் கரி பிடித்திருந்தது. நம் ஊரில் முறுக்குப் பாக்கெட் வாங்கிய எவருக்கும் அந்த ஓரத்தைத் தெரியும். பாலித்தீனை ஆக்சா பிளேடில் மடித்து மெழுகுவத்தியில் காட்டினால் வருகிற ஓரம்.

பின்கட்டுக்குப் போய், இதை யார் பிரித்து ஒட்டினார்கள் என்று விஜயா அண்ணியிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

“அந்த மலைக்காரம்மா வந்துட்டுப் போன மறுநாளு சார். கதவ மூடிக்கினு போட்டாரு. நல்லாத்தான் பாடுச்சி. நான் படியில நின்னு கேட்டேன். திருப்பிப் போட்டு ரெண்டு பக்கமும் கேட்டாரு. அப்பறம் வெளிய வந்து மெழுகுவத்தி இருக்குதான்னாரு. கண்ணெல்லாம் செவந்து கெடந்தது. ‘அந்தம்மாவ ஒரு வாட்டி கூப்புடுங்களேன்’னேன். ‘சீல் வெச்சிட்டேன், உடு’ன்னுட்டாரு.”

ஆக, கேட்டிருக்கிறார். அழுதும் இருக்கிறார். அதற்குப் பிறகு அந்தக் குரலை உள்ளே தள்ளி ஓரத்தைத் தீயில் ஒட்டி, பொட்டு வைத்து, கூட்டத்தில் வந்து என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். முட்டாள் என்று நினைத்திருந்தவரை இப்போது என்னவென்று சொல்வது? ‘ஒரு கீறல் விழாமல் வாழ்ந்த மகான்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும்.

குமரனிடம் சொன்னேன். அவன் படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, “அம்மாவுக்கு வயசாயிடுச்சி, ஏதோ உளறுது. உங்களுக்கும் அப்பாவுக்கும் ஆவாது சார். அந்தக் காண்டுல சொல்றீங்க. காரியத்தன்னிக்கு இதெல்லாம் வேணாம், சாப்ட்டுட்டுப் போங்க” என்றான். சாப்பிடாமல் வந்தேன். அண்ணி வாசல்வரை வந்து, “நீங்க எழுதறதா இருந்தா எழுதுங்க சார். யாரு கேட்டாலும் நான் சொல்றேன்” என்றார்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கையுறைக்காரரே, எடுத்துப்போக வரும்போது அடி ஓரத்தை உங்கள் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய சீல் அதில் இல்லை. நீங்கள் வேண்டாம் என்று வைத்துவிட்டால், குமரனுக்கு அதை மூடி வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. வெள்ளையம்மாவுக்கு இன்னும் ஒரு காது கொஞ்சம் கேட்கிறது.

தணிகாசலத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். பீரோவும் ‘ஐயா’வும் சேர்ந்து பூட்டிய அந்த மனிதரால் ஒரு பாட்டைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு பகல்பொழுது அவர் மறுபடியும் மைக்செட்டுக்காரராக இருந்திருக்கிறார். ஆண்டியின் குரல் உள்ளே கெடாமல் இருக்கிறது என்று நமக்குத் தெரிவது அந்த ஒரு பகலால்தான். அதற்கு மட்டும் அவருக்கு நன்றி.

கீழே என் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு அழித்துவிட்டேன். பெயர் இருந்தால் குமரன் சொன்னதையே எல்லோரும் சொல்வீர்கள், பழைய பகை என்று. யாரும் போய் ஓரத்தைப் பார்க்க மாட்டீர்கள். பழைய ஆட்களுக்கு நான் யாரென்று இரண்டாவது பத்தியிலேயே தெரிந்திருக்கும். சென்னைக்காரருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் முக்கியம்; தெரிந்தால் குமரனிடம் என்னைப் பற்றிக் கேட்பார், அவன் பகை என்று சொல்லி முடித்துவிடுவான். பெயரில்லாமலே பதிவிடுகிறேன்.