பிள்ளையாரிடம் வாங்கிய பிள்ளை

இந்த ஊரில் காலையில் ஒருவரையொருவர் கண்டால் 'சாப்பிட்டாயா' என்று கேட்பதில்லை. 'நல்லாய் நித்திரை கொண்டாயா' என்றுதான் கேட்பார்கள். நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் நான் வேலைக்குப் புகுந்த முதல் நாளே, பக்கத்தில் நின்று மீன் வெட்டுகிறவன் இப்படிக் கேட்க எனக்குப் பகீரென்றது. எண்பதுகளின் கடைசியில், சண்டை நடந்துகொண்டிருந்த எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் ஒருவன் உங்கள் இரவைப் பற்றி விசாரித்தால், வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்று ஏதோ மணந்துபிடித்துவிட்டான் என்று அர்த்தம். இங்கே அது வெறும் மரியாதை. 'தக், ப்ரா', அதாவது நன்றி, நல்லாய்த்தான், என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டத் தொடங்க வேண்டியதுதான். அப்படிச் சொல்லிப் பழகியும் விட்டேன். மனைவி கௌரியும் மகன் மயூரனும் வந்து சேர்ந்த பிறகுதான் அந்தக் கேள்விக்குத் தினமும் பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது கௌரி பிள்ளைத்தாச்சி. மகனை முதன்முதல் விமான நிலையத்தில் பார்த்தபோது அவனுக்கு மூன்று வயது கடந்திருந்தது. தூக்கப் போனேன், தாயின் சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பழகிவிடுவான் என்று எல்லோரும் சொன்னார்கள். பழகவில்லை. நித்திரையும் கொள்ளவில்லை. கண் செருகும், உடனே திடுக்கிட்டு எழும்பிக் குந்திக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்ப்பான். போதாக்குறைக்கு அது கோடைகாலம். இந்த ஊரில் கோடையில் சூரியன் மறையாது. எந்த நேரமும் பின்னேரம் மாதிரியே இருக்கும். யன்னலுக்குப் போர்வை கட்டினோம். அப்படியும் ஒருநாள் தாயிடம் அவன் கேட்டது என் காதில் விழுந்தது:

"அம்மா, உவர் எப்ப தன்ரை வீட்டை போவார்?"

அது என்னுடைய வீடு என்று அவனுக்கு யார் சொல்வது? எனக்கே அந்த நேரம் அது சந்தேகமாகத்தான் இருந்தது.

மூன்று பேரும் கண் சிவந்து திரிவதைக் கண்ட தொழிற்சாலைக்காரர்கள், ஹெல்செசொஸ்தரைக் கூப்பிடு என்றார்கள். சின்னப் பிள்ளைகளின் நலம் பார்க்கிற தாதி. பிள்ளை நித்திரை கொள்ளாவிட்டால் வீட்டுக்கே வந்து பார்ப்பாராம். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். நித்திரைக்குமா உத்தியோகத்தர் என்று நானும் சிரித்தேன்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் எங்களிடமும் ஆட்கள் இல்லாமலா இருந்தார்கள்? என் அக்காவின் மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இப்படித்தான் நித்திரையில்லாமல் அழுது ஊரைக் கூட்டினாள். சைக்கிள் கரியரில் அக்காவையும் அவள் மடியில் பிள்ளையையும் வைத்து மானிப்பாய் ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். டொக்டர் காதைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், பிள்ளைக்கு ஒன்றுமில்லை, தாய்தான் நித்திரை கொள்ளவேண்டும் என்றார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்ததாக நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் தலைக்கு எண்ணெய் தந்தார். அதற்கடுத்து, பார்வை பார்க்கிறவர் வேப்பிலையால் தடவி இடுப்பில் நூல் கட்டினார். இதில் வேடிக்கை என்னவென்றால், புகையிலைத் தோட்டங்களின் நடுவே அந்தக் குண்டும் குழியுமான ஒழுங்கையால் சைக்கிள் போகும்போதெல்லாம் பிள்ளை வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. வைத்தியரின் படலையடியில் சைக்கிள் நின்றால் விழித்துக்கொள்வாள். ஒருவரும் அதை வைத்தியமாக எடுக்கவில்லை. இன்றைக்கும் அந்தச் செம்மண் வாசமும், முதுகுக்குப் பின்னால் அக்காவின் முணுமுணுப்பும், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசினின் சத்தமும் நினைவுக்கு வந்தால் எனக்கே கண் சொருகுகிறது. அந்த ஒழுங்கைக்காக மனம் அடித்துக்கொள்கிறது.

தாதியின் பெயர் மாரித். கௌரி முதல் நாளே அவரை மாரியக்கா ஆக்கிவிட்டாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது கௌரிக்குப் பெரிய ஆறுதல். மாரித் கதிரையில் அமர்ந்து, நேரே கேள்விக்கு வந்தார். பிள்ளையை யார் நித்திரையாக்குவது? எனக்கு அப்போது தெரிந்தது தொழிற்சாலையில் பொறுக்கிய நோர்வேஜியன் மொழிதான். அதை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

"இஞ்சை நான்தான்," என்றாள் கௌரி. "அங்கையெண்டால் அண்ணை. அண்ணையின்ரை நெஞ்சிலை கிடந்தால்தான் நித்திரை."

ஏன் மாமன் என்று மாரித் கேட்டார்.

"அண்ணைதானே இவனை வாங்கினவர்!"

நான் அப்படியே சொன்னேன். மாரித்தின் பேனை நின்றது.

"வாங்கினாரா? யாரிடம்?"

"கடவுளிடம்," என்றேன். அது போதாது போலிருந்தது. "யானைத் தலையுள்ள கடவுளிடம்."

"என்னத்தைச் சொல்லித் துலைச்சியள்? மாரியக்காவின்ரை முகமெல்லாம் மாறிப்போச்சு!" என்று கௌரி என் தொடையில் இடித்தாள். வெளிநாட்டில் பிள்ளைகளைப் பற்றிப் பிழையாக ஒன்றைச் சொன்னால் பிள்ளையையே பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று கேள்விப்பட்ட கதைகளெல்லாம் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. ஆனால் மாரித் பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கௌரி வைத்த கோப்பியைக் கையில் எடுத்து, ஆறுதலாகச் சொல் என்றார்.

சொன்னேன். மயூரன் பிறந்த நேரம் தகப்பனுக்குக் கூடாது என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். நானோ எந்த நாட்டில் எந்த நிலையில் இருக்கிறேன் என்று தெரியாத காலம். வீட்டில் எல்லோரும் கலங்கிப்போய், பிள்ளையைச் சுளகில் வைத்துப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டார்கள். ஐயர் பிள்ளையாருக்காகப் பிள்ளையை ஏற்றுக்கொண்டார். பிறகு தாய்மாமன், என் மச்சான், போய்க் காசு கொடுத்து வாங்கி வந்தார். இப்போது அவன் எங்கள் பிள்ளை அல்ல, பிள்ளையாரிடம் மாமன் வாங்கிய பிள்ளை. ஆகவே அவனுடைய தோஷம் என்னைத் தொடாது. ஊரில் இதை விற்று வாங்குதல் என்பார்கள், ஒருவரும் ஆச்சரியப்படமாட்டார்கள். மச்சானுக்குப் பிள்ளையில்லை. 'நீ ஆரின்ரை பிள்ளை' என்று கேட்டால் 'மாமான்ரை' என்று இவன் சொல்ல, வீடே சிரிக்குமாம்.

மாரித் சிரிக்கவில்லை. "மாமா எப்போது இவனை விட்டார்?" என்று கேட்டார்.

கௌரியிடம் கேட்டேன். "கிளாலிக் கரையிலை, இஞ்சை வர வெளிக்கிட்ட அண்டைக்கு," என்றாள். "வள்ளத்துக்கு நிக்கேக்கை இவன் அண்ணையின்ரை தோளிலை நித்திரை. எழுப்பினால் விடமாட்டான் எண்டு அண்ணை நித்திரையோடையே என்ரை கையிலை தந்திட்டார். முழிக்கேக்கை நாங்கள் கடலுக்கு நடுவிலை."

அதை மொழிபெயர்க்கத் தொடங்கியபோது எனக்குச் சொல் தடக்கியது. மொழி தெரியாததால் அல்ல. இத்தனை நாளும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை நான் கேட்கவே இல்லையே என்றுதான். ஒருமுறை அவன் கண்ணை மூடினான். திறந்தபோது மாமாவும் இல்லை, ஊரும் இல்லை. பிறகு எந்தத் துணிவில் கண்ணை மூடுவான்?

மாரித்தின் வைத்தியம் சின்னது. கண் மூடும்போது பக்கத்தில் இருக்கிற ஆள், கண் திறக்கும்போதும் அங்கேயே இருக்கவேண்டும். அந்த ஆள் நானாக இருக்கவேண்டும். மற்ற எல்லோரையும் அவனுக்குத் தெரியும், என்னைத்தான் தெரியாது என்றார்.

அவர் போனதும் கௌரி வெடித்தாள். "சாத்திரியார் சொன்னது விளையாட்டே? நீங்கள் கிட்டப்போய், உங்களுக்கு ஏதும் நடந்தால் இந்தக் கண்காணாத ஊரிலை இவனையும் கொண்டு நான் ஆரிட்டைப் போறது?" அப்போதுதான் விளங்கியது, இவ்வளவு நாளும் அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்தது அவன் அழுவான் என்பதற்காக மட்டுமல்ல. எனக்குக் கோபம் வரவில்லை. என் உயிருக்காக ஒருத்தி இப்படிக் காவல் கிடந்திருக்கிறாளே என்றுதான் இருந்தது. "மச்சான் வாங்கிச் சரிக்கட்டினதுதானே, இனி என்ன பயம்?" என்றேன். அவள் தலையணையை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போனாள்.

முதல் நாள் மயூரன் கதவடியில் நின்று கத்தினான். எனக்குத் தாலாட்டு வராது. வாய்க்கு வந்ததைக் கதைக்கத் தொடங்கினேன். "மாமா இப்ப தோட்டத்துக்கு இறைக்கப் போயிருப்பார், என்ன? கிணத்தடிப் பலாவுக்குக் கீழைதான் மிசினை வைப்பார்."

அழுகைக்கு நடுவில் ஒரு குரல் வந்தது. "பலா இல்லை. அது ஆமியின்ரை செல் விழுந்து முறிஞ்சுபோச்சு."

"அப்ப மிசினை எங்கை வைக்கிறவர்?"

"மண்ணெண்ணெய் இல்லையெல்லே. மிசின் கொட்டிலுக்கை கிடக்கு. மாமா துலா மிதிக்கிறவர்."

நான் விட்டுவந்த வீட்டில் நின்று நான் கேட்க, தான் விட்டுவந்த வீட்டில் நின்று அவன் திருத்தினான். வேலியோரத்துப் பனைகள் பங்கர் மூடத் தறிபட்டுவிட்டன. சிவப்பி மாடு கன்று போட்டது. கதவடியிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலில் என் பக்கத்துக்கு, திருத்தித் திருத்தியே வந்தான். நித்திரையாகி, வழக்கம்போலத் திடுக்கிட்டு எழும்பினான். நான் இருந்தேன். திரும்பவும் எழும்பினான். திரும்பவும் இருந்தேன். தொழிற்சாலையில் வேலைநேரத்தை மாற்றிக் கேட்டு வாங்கினேன். குளிர் தொடங்கியபோது அவன் எழும்புவது குறைந்தது. எழும்பினாலும் கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திறக்காமலே படுத்துக்கொண்டான். ஒரு காலையில் 'பாப்பா' என்று கூப்பிட்டான். இங்கே பாலர் பள்ளிப் பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிடுகிற சொல். அப்பா என்று கூப்பிட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனாலும் அன்றைக்கு வேலைக்குப் போகும் வழியெல்லாம் எனக்குக் கண்ணீர் வந்தது.

போன மாதம் கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் கையில் மச்சான் ஒரு கசெற் அனுப்பியிருந்தார். கௌரி வேலைக்குப் போயிருந்தாள். மயூரனை மடியில் வைத்துக்கொண்டு போட்டேன். சேவல் ஒன்று கூவியது. பிறகு மச்சானின் குரல்:

"மயூரன், மாமா கதைக்கிறன். கேக்குதே?"

அதன்பின் ஒன்றுமில்லை. கசெற் பழுதாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை; இவன் மறுமொழி சொல்வதற்கு இடம் விடுகிறார். கொஞ்சம் பொறுத்து, "ஆ... கெட்டிக்காரன். சாப்பிட்டியோ?" மறுபடி ஓர் இடைவெளி. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் அப்படியே விட்டு, கேட்டதுபோல ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு போனார். மயூரன் கொஞ்ச நேரம் கசெற் சுற்றுவதையே பார்த்தான். பிறகு என் கையை இழுத்துத் தன் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

"மாமாவோடை கோவமே?" என்று கேட்டது குரல். "ஏன் ஒண்டும் கதைக்கிறாயில்லை?"

கசெற் சுற்றிக்கொண்டிருந்தது. சண்டிலிப்பாயில் ஒரு மனிதர் காத்துக்கொண்டிருந்தார்.

"நித்திரையாகீட்டான், மச்சான்," என்றேன் நான்.