சம்பந்தியைத் தூக்கிப் போடலாமா?

நாரின் நகரத்துப் பக்கத்து மலைகளில் எங்கள் ஊருக்கும் சுற்றியுள்ள மூன்று ஊர்களுக்கும் மின்கம்பம் ஏறுகிற ஆள் ஒரோசாலி. வயது நாற்பத்தாறு. பனிப்புயலில் கம்பி அறுந்தால் ஊரே அவர் வாசலில் வந்து நிற்கும். விளக்கு எரிந்துவிட்டால் ஒருத்தருக்கும் அவர் ஞாபகம் வராது. அதைப் பற்றி அவர் குறைபட்டுக்கொண்டதில்லை. அவருக்கு இருந்த ஒரே குறை எஷிம்.

எஷிம், கணவாய்க்கு அந்தப் பக்கம் மாவு மில் வைத்திருப்பவர். வருஷா வருஷம் மார்ச்சில், புத்தாண்டான நூருஸ் பண்டிகையன்று கச்சை மல்யுத்தம் நடக்கும். நாற்பது தாண்டியவர்களில் அந்தப் பக்கத்துக்கு ஒருத்தர், இந்தப் பக்கத்துக்கு ஒருத்தர். எதிராளியின் இடுப்புக்கச்சையைப் பிடித்தால் பிடித்ததுதான், கையை எடுக்கக் கூடாது. எவன் முதுகு தரையில் படுகிறதோ அவன் தோற்றான். முதல் வருஷம் ஒலிபெருக்கிக்காரர் ஒரோசாலியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எஷிம் அவரைக் கவிழ்த்துவிட்டார். இரண்டாம் வருஷம் ஒரோசாலி கொஞ்சம் தாக்குப்பிடித்தார், அதனால் இன்னும் உயரத்திலிருந்து விழுந்தார். விழுந்ததுகூடப் பரவாயில்லை. அன்று சாயங்காலம் டீக்கடையில் எஷிம், "கம்பத்துலேர்ந்து விழாத ஆளு, என் கையிலேர்ந்து விழுந்துட்டாரு" என்று சொல்லிச் சிரித்ததுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

அதனால் நவம்பரில் முதல் பனி விழுந்த அன்றே பயிற்சியை ஆரம்பித்துவிட்டார். விடிந்ததும் முழங்கால் பனியில் ஆட்டுப்பட்டி வரை ஓட்டம். திரும்பும்போது தோளில் ஒரு கடா. பனியில் கிடந்த நாய்கள்கூட முதல் வாரம் துரத்திவிட்டு, பிறகு பாவம் பார்த்து விட்டுவிட்டன. மத்தியானம் பள்ளிக்கூடக் கூடத்தில் மைத்துனன் தாலந்தோடு பிடி. தாலந்த் விளையாட்டு வாத்தியார், நூற்றிரண்டு கிலோ, எஷிமின் எடைதான். கூடத்தில் அடுப்பு கிடையாது. இரண்டு பேர் மூச்சும் புகையாய்க் கிளம்பும், வேர்வை புருவத்திலேயே உறையும். டிசம்பர் கடைசியில் ஒருநாள் ஒரோசாலி தாலந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். தாலந்த் மல்லாந்து கிடந்தபடியே, "மச்சான், எஷிமுக்கு இப்பவே சொல்லி அனுப்பிடலாமா, முதுகுக்குத் தைலம் வாங்கி வைக்கச் சொல்லி" என்றான்.

ஜனவரியில் எஷிமே வந்துவிட்டார். தனியாக இல்லை. மனைவி, அண்ணன்மார், ஒரு முழு ஆடு, மூன்று மூட்டை மாவு எல்லாம் இரண்டு வண்டியில் கணவாயைத் தாண்டி வந்து இறங்கின. ஒரோசாலியின் மகள் பேகாய்க்கும் எஷிமின் மகன் ஆதிலெத்துக்கும் நர்சிங் படிக்கப் போன இடத்தில் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், பெண் வீட்டில் அம்மாவுக்கும் பையன் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. தெரியாத ஒரே ஆள் அப்பா. அவர்தான் ஆட்டைச் சுமந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தாரே.

எஷிமின் மனைவி பேகாயின் காதில் தோட்டைப் போட்டாள். அவ்வளவுதான், நிச்சயம் ஆகிவிட்டது. வழக்கப்படி ஆட்டின் வால்கொழுப்பும் ஈரலும் தட்டில் வந்தன, சம்பந்திகள் ஒருவருக்கொருவர் ஊட்டிவிட வேண்டும். எந்தக் கையால் எஷிமின் கச்சையைப் பிடித்து முறிக்க இரண்டு மாதம் பழகினாரோ, அதே கையால் ஒரோசாலி அவர் வாயில் கொழுப்பை ஊட்டினார். இந்தப் பக்கத்துப் பெண்கள் சும்மா இருப்பார்களா? எஷிம் உட்கார்ந்திருந்த மெத்தையோடு அவர் கோட்டின் நுனியைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். எழுந்தவர் மெத்தையோடு எழுந்தார். வீடே சிரித்தது, எஷிமும் சிரித்தார். ஒரோசாலிக்கு மட்டும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

குழப்பம் அன்று பிடித்ததுதான். நேற்றுவரை 'அவன்'. இன்றைக்கு 'சம்பந்தி, நீங்க'. சம்பந்திக்கு மேல் மரியாதைக்குரிய ஆள் உலகத்தில் இல்லை. அதே சமயம் சம்பந்தியைப் படுத்துகிற பாடு வேறு யாரையும் படுத்த முடியாது. கோட்டைத் தைக்கலாம், தண்ணீரில் தள்ளலாம். சரி, நாலு ஊர் பார்க்கத் தூக்கிப் போடலாமா? பள்ளிவாசல் முல்லாவிடம் போய்க் கேட்டார். "மல்யுத்தத்தைப் பத்தி எனக்குத் தெரிஞ்சு எதுவும் எழுதி வைக்கலப்பா. சம்பந்தியப் பத்தியும் எழுதல. ரெண்டையும் சேர்த்து நிச்சயமா எழுதல" என்றார் அவர்.

மறுநாள் பயிற்சியில் தாலந்த் அவரை நாலு தரம் சாய்த்தான். "என்ன மச்சான், கச்சையப் புடிக்கச் சொன்னா விருந்தாளிக்குக் கோட்டு மாட்டிவிடற மாதிரி புடிக்கிறீங்க" என்றான். பிறகு உட்கார்ந்து யோசித்துவிட்டு ஒரு குண்டைப் போட்டான். "எனக்கென்னவோ சந்தேகமா இருக்கு. தோடு போட்டது பேகாய்க்கு. மூக்கணாங்கயிறு போட்டது உங்களுக்கு."

வீட்டுக்கு வந்தால் மனைவி கனிபா வேறு. "பேசாம தோத்துட்டு வாங்க. ரெண்டு தடவ தோத்தவருதானே, மூணாவது தடவ தோத்தா குடியா முழுகிடும்? நம்ம பொண்ணு அங்க வாழணும். மாமனார மண்ணுல தேச்சவரோட மகள்னு அவள யார் மதிப்பா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஒரோசாலிக்கு அந்த மாதம் யார் சொன்னாலும் நியாயமாகத்தான் பட்டது. விலகிக்கொண்டால் பயந்துவிட்டார் என்பார்கள். விழுந்தால் விலைபோய்விட்டார் என்பார்கள். எறிந்தால் மகளுக்கு என்ன ஆகுமோ. கம்பத்து உச்சியில் உட்கார்ந்து எந்தக் கம்பியை எங்கே கட்டுவதென்று மறந்து, கீழே நின்றவர்கள் கத்தியபிறகுதான் நினைவு வந்தது. இருபது வருஷத்தில் இப்படி ஆனதில்லை.

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் பேகாய் லீவில் வந்தாள். சாணி வறட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டே, அவரைத் திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"அம்மா சொன்னத கேட்டேன். எனக்காக நீங்க விழ வேணாம்ப்பா."

"நான் எங்கடி விழறேன்னு சொன்னேன்?"

"சொல்லல. மூஞ்சியில எழுதியிருக்கு. நெஜமா தோத்தா தோத்துட்டு வாங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். வேணும்னு விழுந்தீங்கன்னா, அந்த வீட்டுல முதல் நாளே நான் குனிஞ்சுதான் நுழையணும். அப்பறம் நிமிரவே முடியாது."

மகள் இவ்வளவு பெரியவளாகிவிட்டது ஒரோசாலிக்குத் தெரியாது. மறுநாள் தாலந்தை எட்டு தரம் தூக்கிப் போட்டார். தாலந்த் சிக் லீவு போட்டான்.

நூருஸ் அன்றும் பனி விட்டபாடில்லை. மைதானத்தில் பனியை வழித்துத் தள்ளி, வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் விரித்திருந்தார்கள். எஷிம் எதிரே வந்து நின்று கச்சையை இறுக்கினார். குனிந்து பிடி போட்டுக்கொண்டபோது காதோரம், "சம்பந்தி, சுகமா?" என்றார்.

"சுகம். ஒழுங்கா நில்லுங்க. வேணும்னு சாஞ்சீங்கன்னா கெட்ட கோவம் வரும்."

"நான் ஏன் சாயப்போறேன்? நீங்க உங்க முதுகப் பாத்துக்குங்க."

விசில் ஊதியது. எஷிம் சாயவில்லை. அப்பாடா என்றிருந்தது ஒரோசாலிக்கு. அதே பாறைதான், அதே இடது கால் தந்திரம். ஒருமுறை ஒரோசாலியின் இரண்டு காலும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டன, எப்படியோ திருகிக்கொண்டு நின்றார். மூச்சு அறுந்தது. கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. பிறகு அவர் முறை. முட்டியை மடக்கி, குளிர்காலம் முழுக்கச் சுமந்த கடாவையெல்லாம் நினைத்துக்கொண்டு தூக்கினார். எஷிம் கனத்தார், கனத்தார், நகரவே இல்லை. திடீரென்று ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது. அரை நொடிதான். எஷிம் வானத்தில் இருந்தார், அடுத்து தார்ப்பாயில் மல்லாந்து கிடந்தார்.

மைதானம் அலறியது. பெரியவர்கள் வெற்றி அங்கியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒரோசாலி யாரையும் பார்க்கவில்லை. எஷிமைக் கைகொடுத்துத் தூக்கி, கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"உண்மையச் சொல்லுங்க. கடைசியில விட்டுட்டீங்கதானே?"

எஷிம் தாடியிலிருந்த வைக்கோலைத் தட்டினார். "சம்பந்தி, நாலு மாசம் கடா தூக்கினீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"அத கேக்கல. விட்டீங்களா இல்லையா?"

"விட்டேன்னா என்ன பண்ணுவீங்க, பொண்ணு தர மாட்டீங்களா? விடலன்னா என்ன பண்ணுவீங்க, சந்தோஷப்படுவீங்களா? ரெண்டுல எதச் சொன்னாலும் நீங்க நம்பப்போறதில்ல. அப்பறம் எதுக்கு என் வாயக் கிளறிக்கிட்டு?"

சொல்லிவிட்டு அவர் இடுப்பைத் தடவிக்கொண்டே தன் ஊர்க்காரர்கள் பக்கம் நடந்தார். நொண்டினார். நிஜமாக நொண்டினாரா, அதுவும் ஒரோசாலிக்குத் தெரியவில்லை.

தோளில் அங்கியைப் போட்டார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பேகாய் வந்தாள். மூச்சிரைத்தது, கண்ணெல்லாம் தண்ணீர்.

"நெஜமாத்தானேப்பா?"

ஜெயித்த மனிதர் அங்கியின் நுனியால் மகளின் கண்ணைத் துடைத்தார்.

"நெஜமாத்தான்" என்றார். அவளிடம் அவர் சொன்ன முதல் பொய்யா அது, இல்லையா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.